நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவன்

எல்லார் வீட்டு ஜன்னலுக்கும் சாப்பாடு பறந்து வந்துவிடுகிற சென்னையில், ஜனங்கள் நேரில் போய்ச் சாப்பிட்டது வடபழனியில் இருந்த அந்தக் காபிக் கடையில் மட்டும்தான். நெய் ரோஸ்ட் மணமும் டபரா சத்தமும் அங்கே அசல். இடத்துக்குக் காத்து நிற்கிற கூட்டம் மட்டும் கடை சம்பளத்துக்கு வைத்த ஆட்கள்.

குணாளனுக்கு நிற்கிற வேலை. சாப்பிடுகிறவரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அவர் எப்போது எழுந்திருப்பார் என்று தட்டையே பார்த்தபடி நிற்க வேண்டும். நடுநடுவே செரும வேண்டும். அந்தக் காலத்து ஓட்டல் நெரிசலுக்காகத்தான் வாடிக்கையாளர்கள் வந்தார்கள். அவன் உட்காரக் கூடாது என்பது விதி.

அன்று, வாரா வாரம் வருகிற ரெஜினா டீச்சர் காபியை முடித்துவிட்டு எழுந்தார்.

"வாங்க தம்பி, உக்காருங்க."

"இல்லீங்க டீச்சர், நான் சும்மா நிக்கிறவன்."

"தெரியும்ப்பா. உங்களுக்கு ஒரு ரோஸ்ட் சொல்லிட்டேன்."

குணாளன் மேற்பார்வையாளரைப் பார்த்தான். வாடிக்கையாளர் சொன்னால் மறுக்கக் கூடாது என்பதும் விதிதான். மேற்பார்வையாளர் கூரையைப் பார்த்தார்.

குணாளன் உட்கார்ந்தான். ரோஸ்ட் வந்தது. ஒரு விள்ளல் பிய்த்தான். கை வாய்க்குப் போகவில்லை. பின்னால் ஆளில்லாமல் அந்தக் கடையில் யாரும் சாப்பிட்டு அவன் பார்த்ததில்லை. முதுகுப் பக்கம் வெறிச்சென்று இருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

வாசல்வரை போய்விட்ட டீச்சர் அதைக் கவனித்தார். கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். செருமினார்.

குணாளன் அவசர அவசரமாகச் சாப்பிட ஆரம்பித்தான்.