காகிதக் கப்

காலை பதினொரு மணிக்குக் காபி வந்தது. எஸ்தர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏழு ஊர்களில் வெவ்வேறு ஆண்களிடம் எடுத்ததாகச் சொல்லப்பட்ட எச்சில் மாதிரிகள் எல்லாம் ஒரே ஆளின் மரபணுவைக் காட்டின. திங்கட்கிழமை அந்த ஆய்வு அவள் பெயரில் வெளியாகப் போகிறது. பொய் தெரிந்தால் பழியும் அவள் பெயருக்குத்தான்.

மாதிரிகள் கலந்துவிட்டால் கண்டுபிடிப்பதற்காக ஆய்வகத்தில் எல்லோரும் தங்கள் எச்சிலையும் கொடுத்திருந்தார்கள். அவர்களில் யாருடையதும் பொருந்தவில்லை. கொடுக்காதவர் ஒருவர்தான். அந்த ஊர்களுக்குப் போய் மாதிரிகளைக் கொண்டுவந்த தலைவர் நல்லசிவம். “பேசிப் பேசி எனக்கு எச்சிலே வத்திப் போச்சும்மா” என்று அன்று சிரித்திருந்தார்.

அவள் காபி அறைக்குப் போனாள். நல்லசிவம் கடைசி வாயைக் குடித்துவிட்டு, காகிதக் கப்பின் விளிம்பைக் கைக்குட்டையால் நிதானமாகத் துடைத்தார். சுற்றிலும் ஒருமுறை துடைத்தார். பிறகு மறுபடியும் துடைத்தார். குப்பைக்கூடை அவர் காலடியிலேயே இருந்தது. கப்பை அதில் போடவில்லை.

“கொடுங்க சார், நான் போட்டுடறேன்” என்று எஸ்தர் கையை நீட்டினாள்.

அவர் கப்பைக் கொடுக்காமல் அந்தக் கையையே பார்த்தார்.

“காபி குடிக்க வர்றதுக்கு கிளவுஸ் எதுக்கும்மா?”