மூஞ்சியைச் சுளித்த பூட்ஸ்

ஆற்றோரத் தோல் பதனிடும் கொட்டகைக்குச் சீல் வைக்க வந்தார் அதிகாரி. அவர் காலில் இருந்த பூட்ஸ், சுண்ணாம்புத் தொட்டியைப் பார்த்து மூஞ்சியைச் சுளித்தது.

“சீ! ஆத்தையே நாறடிச்சிட்டியே!”

தொட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உன் முடியை உதிர்த்ததே நான்தாண்டி! உன்னை ஊறப்போட்ட தண்ணிதான் அந்த ஆத்துல ஓடுது.”

“யாரோ எருமையைச் சொல்றே. நான் ஃபாரின்.”

கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் தெருவில் நின்றார்கள்.

தோலிலிருந்து சீவிப் போடும் ஜவ்வுக்காக வாசலில் காத்துக் கிடந்த நாய், பூட்ஸை மோந்து பார்த்து வாலை ஆட்டியது. “அடடே, நம்ம காசியம்மா வீட்டு எருமை! சௌக்கியமா?”

பூட்ஸ் ஓங்கி ஒரு உதை விட்டது.

நாய் விலாவை நக்கிக்கொண்டே சிரித்தது. “அவளேதான்! பால் கறக்க உட்கார்ந்தாலும் இப்படித்தான் உதைப்பா.”