மாடியில் ஒரு துபாய் வாசனை

துபாய் சமையற்கட்டில் பல வருஷம் வெந்துவிட்டுக் கீழ்வேளூர் திரும்பிய ஜாஹித், மாடித் தொட்டிகளில் தைம் என்ற வெளிநாட்டு மூலிகைச் செடி வைத்தான். ஆம்லெட்டில் அந்தப் பொடி இலையைக் கிள்ளிப் போட்டு, "அப்படியே துபாய் வாசனை!" என்று அவன் கண்ணை மூடும்போதெல்லாம் மனைவி அனீஸாவுக்கு ஒரே நினைப்புதான்: இந்த வாசனையே இவனைத் திரும்பத் துபாய்க்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

"சென்னைக்குப் போறேன். செடி சோர்ந்து கெடக்கு, தண்ணிய நல்லா ஊத்து" என்றான் ஒருநாள்.

"சரிங்க" என்றவள், ஒரு சொட்டு ஊற்றவில்லை. காய்ந்து தொலையட்டும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தவன் மாடியிலிருந்து கத்தினான்.

"அனீஸா!"

அனீஸா மாடியேறினாள். தொட்டியே தெரியாமல் செடி தழைத்துக் கிடந்தது.

"வயலுக்குப் பாய்ச்சுற மாதிரி நான் ஊத்தியும் வேரு அழுகிக்கிட்டுல்ல இருந்துச்சு! வேளாங்கண்ணி ஹோட்டல்காரரு வாராவாரம் இந்த இலைய வெலைக்கு வாங்கிக்கிறேங்கறாரு. இது பொழைக்கலைன்னா துபாய்க்கே போயிடலாம்னுதான் ஏஜெண்டைப் பாக்கப் போனேன். இனி எங்கயும் போகலை. என்னடி பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலைங்க" என்றாள் அனீஸா, அந்த இலையை முதல்முறையாக ஆசையோடு முகர்ந்தபடி. "அல்ஹம்துலில்லாஹ்!"