இன்னும் இருக்கிறீர்களா?

இரண்டு தடவை டாக்டரைத் தவறவிட்டார் டிரைவர். இரண்டு தடவையும் அபராதம். இன்னொரு தடவை தவறினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். மறுபடி நுழைய நாலு மாதம் ஆகும்.

முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு நடை தவறவிட்டதில்லை. இப்போது அவர் பெயருக்கு நேரே 'வரவில்லை', 'வரவில்லை' என்று இரண்டு முறை எழுதியிருக்கிறது.

“போன்ல பார்க்கிற டாக்டர்ப்பா. எங்கேயாவது போகணுமா, வரணுமா? நாற்காலியில உட்கார்ந்திருக்கணும். அதுகூட முடியலைன்னா எப்படி?” ஆபீசுக்குக் கிளம்பிய மகன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான். “அபராதம் ரெண்டையும் நான் கட்டிட்டேன். இன்னைக்காவது எழுந்திருக்காதீங்க.”

அதுதானே முடியவில்லை. அதை மகனிடம் எப்படிச் சொல்வது, அதுவும் மருமகள் எதிரில்? 'வயித்துல ஏதோ கோளாறு' என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்.

பதினோரு மணிக்கு டாக்டர் வரவேண்டும். மணி பன்னிரண்டே முக்கால். மருமகளும் வேலைக்குப் போயாகிவிட்டது; வீட்டில் அவர் மட்டும்.

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் மணியடித்துக் கேட்கும்: 'இன்னும் இருக்கிறீர்களா?' ஒரு நிமிஷத்துக்குள் 'ஆம்' என்பதைத் தொட வேண்டும். தொடாவிட்டால் ஆள் வரவில்லை என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடும்.

“இருக்கேன், இருக்கேன். இன்னும் சாகலை.” தொட்டார்.

வந்திருக்கிற வியாதியோ ஓயாமல் கழிவறைக்கு ஓடவைக்கிற வியாதி. ஓடினால் சட்டென்று முடிவதுமில்லை. பத்து நிமிஷம் நிற்க வேண்டும். முதல் தடவை எழுந்து ஓடினார், டாக்டர் போனார். அடுத்த தடவை போனையும் கையோடு கொண்டுபோனார், உள்ளே சிக்னல் செத்துப்போனது. அந்த வீட்டில் வாசற்கதவைத் திறந்துபோட்டு, அதையொட்டி உட்கார்ந்தால்தான் சிக்னல்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. கீழ் வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற குமாஸ்தா. டிரைவர் அவருக்கு வைத்திருக்கிற பெயர் புகார்ப் பெட்டி.

போன மாதம் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். 'மேல் வீட்டுக் கழிவறையில் நாளொன்றுக்கு இருபத்திரண்டு தடவை தண்ணீர் திறக்கப்படுகிறது. குழாய் என் படுக்கையறைச் சுவருக்குள் போகிறது. தேதி, நேரம் இணைத்துள்ளேன்.'

கூட்டத்தில் அதைப் படித்தபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“என் வீட்டுத் தண்ணியை எண்ண நீ யாருடா?” என்று டிரைவர் சட்டையைப் பிடிக்கப் போனார். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது அந்த மனுஷர் கக்கத்தில் ஒரு நோட்டோடு படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

“என்ன பார்வை? இங்க சினிமாவா ஓடுது?”

அவர் மொட்டை மாடிக்கு ஏறிப் போனார்.

போன் கேட்டது. 'ஆம்.' மறுபடி கேட்டது. 'ஆம்.' காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல்தான் இருந்தார். ஆனாலும் அடிவயிறு கேட்டால்தானே? பல்லைக் கடித்தார். பஸ் ஓட்டிய காலத்தில் ஊருக்கு ஊர் அடக்கி அடக்கிப் பழகிய உடம்பு இப்போது ஒரு பேச்சும் கேட்கவில்லை.

போனை நாற்காலியில் போட்டுவிட்டு ஓடினார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூடத்தில் போன் மணியடித்தது. போச்சு. நாலு மாதம்.

மணி நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. மறுபடி நின்றது.

அப்புறம் ஒரு பெண் குரல். “வணக்கம், டாக்டர் பேசறேன்.”

“போயிடாதீங்கம்மா!” யாரோ ஒருவர் பதறினார். “அவர் உள்ளதான் இருக்கார். வந்துடுவார்.”

“எனக்கு ஆறு நிமிஷம்தான் இருக்கு.”

“அதுவரைக்கும் என்கிட்ட கேளுங்க. எழுதிவச்சிருக்கேன். ஒரு நாளைக்கு இருபத்தாறு தடவை. ராத்திரி மட்டும் எட்டு. ஆறு மாசம் முன்னாடி மொத்தமே பத்துதான்.”

தாள் புரளும் சத்தம் கேட்டது.

“தேதிவாரியாவா? வீட்டுல யாருமே இப்படி எழுதமாட்டாங்களே!”

“முதல்ல வேற எதுக்கோதான் எழுத ஆரம்பிச்சேன். எண்ணிக்கை ஏறிட்டே போச்சா, பயமாப் போச்சு.”

“ரத்தம் போகுதா?”

“அது தெரியாதும்மா. எனக்குச் சத்தம் மட்டும்தான் கேக்கும்.”

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“போகுது!” வீட்டில் ஒருவரிடமும் சொல்லாததைக் கதவுக்குப் பின்னாலிருந்து கத்தினார். “ரெண்டு மாசமாப் போகுது!”

வேட்டியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். நாற்காலியில் இருந்தவர் எழுந்து, போனை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். மடியில் இருந்த நோட்டு கீழே விழுந்தது.

“ரெண்டு மாசமாவா?” டாக்டரின் முகம் மாறியது. “அப்பவே வந்திருக்க வேண்டாமா?”

“வந்தேன். இது மூணாவது தடவை.”

டாக்டர் திரையில் அவர் பெயரைத் தேடிப் பார்த்தார். இரண்டு 'வரவில்லை' இருந்தது.

“இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. சீட்டு அனுப்பறேன். வழக்கமா, எத்தனை தடவைன்னு ஒரு வாரம் குறிச்சிட்டு வாங்கன்னு அனுப்பிடுவோம். உங்களுக்கு அதுக்கும் நேரம் இல்லை. தனியாப் போகாதீங்க. பக்கத்துல நிக்கிறது யாரு, உங்க மகனா?”

டிரைவர் குனிந்து நோட்டை எடுத்தார். தூசியைத் தட்டினார்.

“மகன் ஆபீஸ்ல இருக்கான்,” என்றார். “இது கீழ் வீட்டுப் புகார்ப் பெட்டி.”