இசையில்லாத கடிதங்கள்

“ஒரு வரி இசைகூட இல்லையே அம்மா,” என்றார் லன்ட்.

சமையலறை மேசை முழுக்கக் கடிதங்கள். எல்லாம் இசையமைப்பாளர் ப்ரெக்கே தன் பழைய மாணவி சிக்னேவுக்கு எழுதியவை. ப்ரெக்கே இறந்து ஒரு வருடம் ஆகிறது. அவர் வாழ்ந்த வீட்டை நினைவில்லமாக்கும் பொறுப்பு லன்டுடையது. அதற்காகத்தான் பெர்கன் நகரிலிருந்து காலைக் கப்பலில் இந்தக் கரையோரக் கிராமத்துக்கு வந்திருந்தார்.

“மத்த மாணவர்களுக்கு எழுதினதை நீங்க பார்க்கணும். பக்கம் பக்கமா பாடம். இது சரியில்ல, அதைத் திருத்துன்னு ஒரே திட்டு. உங்களுக்கும் முதல்ல அப்படித்தான் எழுதியிருக்கார். ஒரு குளிர்காலத்தோட அது நின்னுபோச்சு. அப்புறம் ஆப்பிள் பூத்துச்சா, ஆடு குட்டி போட்டுச்சா, தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா... எல்லாம் ஊர்க்கதை.”

வீட்டுக்கார அம்மாள் காபியை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

“வயசாச்சு இல்லையா அவருக்கு.”

“நீங்க எழுதினதாவது கிடைக்குமான்னு தேடினேன். எல்லாத்தையும் எரிச்சிட்டுத்தான் போயிருக்கார். ஏன்னு தெரியல.”

அம்மாளின் முகத்தில் ஒரு நிம்மதி வந்துபோனது. லன்ட் அதைக் கவனிக்கவில்லை.

“அவர் கடைசியா எழுதின பியானோ இசை ஒண்ணு டிராயர்ல கிடைச்சுது. அவ்வளவு பெரிய மனுஷர், ஒத்தை விரலால வாசிக்கிற மாதிரி எழுதி வச்சிருக்கார். குழந்தைகூட வாசிக்கும். திறப்பு விழாவில அதை நீங்கதான் வாசிக்கணும். அப்புறம், அந்தத் தாள்ல ஒரு பிழை இருக்கு. அச்சுக்குப் போறதுக்குள்ள உங்களைக் கேட்டுத் திருத்திடலாம்னு வந்தேன்.”

அம்மாள் கோப்பையை மேசையில் வைத்துவிட்டாள். யாரிடம் வந்து இசையில் பிழை கேட்கிறார் இவர்? கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான் என்பார்கள். இவளுடையது பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. ஆனால் புளுகை வைத்துக்கொண்டு பியானோ வாசிக்க முடியாதே.

“என்னால முடியாது.”

“கூச்சப்படாதீங்க. ஒத்தை விரல்தானே.”

“கூச்சமில்ல தம்பி. எனக்கு இசையே தெரியாது.” ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கல்லறைத் தோட்டத்தைக் காட்டினாள். “சிக்னே அங்க இருக்கா. நீங்க சொன்ன அந்தக் குளிர்காலத்துல காசநோய்ல போயிட்டா.”

லன்ட் எழுந்தேவிட்டார். “அப்ப நீங்க யாரு?”

“அவ தங்கச்சி, ஆஸ்லவ். அவளை அடக்கம் பண்ணிட்டு வந்தா, வாசல்ல அவர் கடுதாசி கிடக்கு. பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டேன், உன் பதில் வந்தாத்தான் படுக்கையை விட்டு எழுந்திருப்பேன்னு எழுதியிருந்தார். அந்த மனுஷனுக்கு எப்படி இன்னொரு சாவைச் சொல்றது? ஒண்ணே ஒண்ணு அவ பேர்ல எழுதினேன். உடனே பதில் வந்துடுச்சு. அப்புறம் விட முடியல. எனக்குத் தெரிஞ்சது ஆடும் மரமும்தான். அதையே எழுதினேன். என்னைப் பத்திக்கூட ‘தங்கச்சி ஆஸ்லவ்’னு யாரோ மாதிரி எழுதுவேன். இசையைப் பத்திக் கேட்டுடுவாரோன்னு ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டே பிரிப்பேன். நல்ல வேளை, கேக்கவே இல்ல.”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கடிதங்களைச் சேர்த்து அவர் பக்கம் தள்ளினாள்.

“எடுத்துட்டுப் போங்க. கடைசிவரைக்கும் சிக்னேதான் எழுதறான்னு நம்பிக்கிட்டே செத்துட்டார். நான் ஏமாத்திட்டேன். இது ஒண்ணும் எனக்கு வந்ததில்ல.”

லன்ட் கடிதங்களைத் தொடவில்லை. மெதுவாக உட்கார்ந்து, தோல்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“பிழைன்னு சொன்னேனே, அது இசையில இல்லம்மா. மேலே எழுதியிருக்கிற பேர்ல. கடைசிக் காலத்துல அவருக்கு ஞாபகம் குழம்பிடுச்சுன்னு நாங்க நினைச்சோம்.”

தாளின் தலையில், ப்ரெக்கேயின் நடுங்கிய கையெழுத்தில் இருந்தது: ‘இத்தனை வருடக் கடிதங்களுக்கு நன்றியுடன், ஆஸ்லவுக்கு.’