பதினான்காவது எபிசோட்

தில்லி ஜனக்புரி வீட்டில் சோபாவில் காப்பியோடு அழகர்சாமி, நாற்காலியில் மனைவி பூங்கோதை, தரையில் மகள் தமிழ்செல்வி. பதிமூன்று எபிசோடோடு நிறுத்தப்பட்ட, ஒரு தபால்காரரைப் பற்றிய பழைய டிவி தொடர், அழகர்சாமி டிவி நிலையத்துக்கு இருபது வருடம் மனுப் போட்டபின் டிவிடியாக வந்திருந்தது. ஆனால் அதில் பதினான்கு எபிசோட் இருந்தது.

"யாரக் கேட்டு ஒண்ணு கூட்டுனான்? இன்னைக்கே எழுதுறேன்" என்றார் அழகர்சாமி.

பதினான்காவதைப் போட்டதும், திரையில் தபால்காரர் காப்பிக் கறை படிந்த கவரைப் பிரித்து வாசித்தார்: 'ஐயா, தொடர் பதிமூன்றுதான். யாரைக் கேட்டு ஒன்று கூட்டினீர்கள்? இப்படிக்கு, அழகர்சாமி, ஜனக்புரி.'

"அச்சா, லெட்டர்தான் போய்ச் சேந்துருச்சே. விடுங்கப்பா" என்றாள் தமிழ்செல்வி.

"நான் இன்னும் பேனாவே எடுக்கல. அதுக்குள்ள வாசிக்க இவன் யாரு?"

அதையே வரி மாறாமல் எழுதினார். ஆத்திரத்தில் மேஜையைக் குத்தியதில் காப்பி கவர்மேல் சிந்தியது. துடைக்காமல் ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டார்.