பேச்சு நின்ற நேரம்

தடுப்பூசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தவமணிக்கு அது தோதாகப் போயிற்று. நாத்தனார் மகள் வளைகாப்பில் நடந்த சண்டையை ஆதியோடந்தமாகச் சொல்லத் தொடங்கிவிட்டாள். நர்ஸ் எஸ்தரும் ஒரு காதை அங்கே வைத்தபடிதான் அடுத்தவர்களுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"புளியோதரைச் சட்டியத் தூக்கி, நேரா அவ..."

அதோடு சத்தமில்லை. எஸ்தர் திரும்பினாள். "யக்கா, என்ன செய்யுது?"

கழுத்தெல்லாம் தடிப்பு. மூச்சு விசிலடித்தது. ஓடிப்போய்த் தொடையில் அட்ரினலின் போட்டு, கால்களை உயர்த்திப் படுக்கவைத்தாள். மெல்ல மூச்சு சீரானது.

பிறகு ஒவ்வாமைப் படிவத்தை எடுத்தாள். முதல் அறிகுறி என்ற இடத்தில் அரிப்பு, வீக்கம், மயக்கம் என்று கட்டங்கள் இருந்தன. எல்லாவற்றையும் தாண்டி, 'மற்றவை'யில் எழுதினாள்: பேச்சு நின்றது, 11.12.

குணமான நேரம்? பேனா தயங்கியது.

"...மாமியா தலையில கவுத்துட்டாங்கறேன்!"

எஸ்தர் கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள்: 11.31.